புல்லுக்குள்ள போங்கோ

எந்தக் கேம் வாங்கலாமெண்டு கேட்டனி, சுகிர்தா,
பத்து மணித் தேத்தண்ணிக்கு
முகக்கவசத்தை நிமித்தி வைச்ச நேரம்.
சொல்லமுதல் விசில் ஊதிப்போட்டாங்கள்.
இப்ப எழுதுறன்.

போர்க் கேம் வாங்காதை.
கிளிநொச்சிக் கடைக்காரன் அதைத்தான் முதல் நீட்டுவான்.
அதிலை ஒரு கண்ணிவெடி வரும்,
சிவப்பு லைட் மினுங்கும்,
கிட்டப் போனால் பீப் எண்டும்.
நானும் அக்சயனும் விழுந்து விழுந்து சிரிச்சம்.
எங்கடை மண்ணுக்குள்ள கிடக்கிறது
ஒருநாளும் மினுங்கினதில்லை.
பீப் எண்டுறது கையிலை இருக்கிற மெசின்தான்,
அதுவும் சன்னத்துக்கும் சோடா மூடிக்கும்
ஒரே மாதிரித்தான் கத்தும்.

பனிமலைக் கேமை எடு.
உறையிலை பேர் கிழிஞ்சு போச்சு,
ஒரு பெட்டை முதுகு காட்டிக் குதிரையிலை இருப்பாள்.
கதையும் இருக்கு: அரசன், சாபம், தொலைஞ்ச வாள்.
நான் எட்டு மாசமாய் அந்த வாளைத் தேடேல்ல.
கெதியாப் போ, கெதியாப் போ எண்டு
அரசன் இன்னும் வாசலிலை நிக்கிறான்.
நிக்கட்டும்.

தூரத்திலை ஒரு மலை தெரிஞ்சால்
அந்த மலைக்குப் போகலாம்.
இதை உனக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?
தெரியிற இடமெல்லாம் போகலாம், சுகிர்தா.

முதல் ரெண்டு கிழமை நான் றோட்டை விட்டு இறங்கேல்ல.
வளைவெல்லாம் சுத்திச் சுத்திக் கல்லுப் பாதையாலைதான் போனன்.
பெருவிரல் குச்சியைத் தள்ளாது.
பக்கத்திலை இருந்து அக்சயன் கத்துவான்:
"அம்மா, புல்லுக்குள்ள போங்கோ! ஒண்டும் நடக்காது!"
ஒன்பது வயசு.
எல்லாம் முடிஞ்சாப் பிறகு பிறந்தவன்.
ஒண்டும் நடக்காது எண்டதை
இவ்வளவு லேசாய் ஒராள் சொல்லி
நான் கேட்டதில்லை.

பழைய கொன்ரோல், இடது குச்சி தானாய் இழுக்கும்.
ஒருநாள் சோறு வடிச்சுப்போட்டு வந்து பாக்கிறன்,
என்ரை பெட்டை தன்பாட்டிலை றோட்டை விட்டிறங்கி
இடுப்பளவு புல்லுக்குள்ள நடந்துகொண்டிருக்கிறாள்.
கத்தத்தான் வாய் திறந்தனான்.
புல்லு விலகிச்சு, பிறகு மூடிச்சு.
ஒரு முயல் ஓடிச்சு.
கைக்கஞ்சியைச் சட்டையிலை துடைச்சுப்போட்டு
குச்சியை நானே தள்ளினன்.
அண்டைக்கு இரவு ரெண்டு மணி.
காலமை வானிலை நித்திரை கொண்டு வந்தனே,
அது இதாலைதான்.

ஒண்டு மட்டும் எனக்கு எரிச்சல்.
மப் முழுக்கக் கறுப்பாய்க் கிடக்கும்,
கோபுரமொண்டிலை ஏறி நிண்டால்
ஒரு மாகாணமே பளிச்செண்டு திறபடும்.
மாங்குளத்துக்கு அங்காலை
ஒரு மீற்றர் அகல லேனிலை முழங்காலிலை நிண்டு
போன கிழமை எத்தினை சதுரம் திறந்தம்?
நீதானே கணக்கெழுதினனி.

கடல் கேம் ஒண்டும் இருக்கு, வள்ளம் விடலாம்.
உன்ரை மனுசனுக்குப் பிடிக்கும்.
முல்லைத்தீவிலை தொழில் செய்தவர்,
அலை பிழையாய் அடிக்குதெண்டு ரீவியோட சண்டை பிடிப்பார்.
கனதூரம் போனால் திரை மங்கி
இனி வழியில்லை, திரும்பு எண்டும்.
அதோட அதை நான் மூடி வைச்சிட்டன்.

காசைச் சிலவழியாதை.
டிஸ்க்கைத் திங்கள் கொண்டு வாறன்,
என்ரை விளையாட்டையும் பென்னிலை ஏத்தித் தாறன்.
கீறல் இருக்கு, மூண்டாவது ஆத்தடியிலை இறுகும்;
சறத்துணியாலை துடைச்சுத் திருப்பிப் போடு.
குதிரைக்கு நான் பேர் வைக்கேல்ல, நீ வை.
வடக்கு மூலையிலை
கறுப்பாய் ஒரு துண்டு கிடக்கும்,
நான் வேணுமெண்டு விட்டது.
அங்கை என்ன இருக்கெண்டு
பாத்தாலும் எனக்குச் சொல்லாதை.